எல்லாருக்கும் முழு அனுமதி

ஒலுவிலில் இரும்பு நீண்ட நாள் தாங்காது. கேற்றுக்கு வருசா வருசம் பெயின்ட் அடித்தாலும் பிணைச்சல் துருப்பிடித்துக் கழன்று விழும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பியைக் கையால் உரசினால் செம்பொடி உதிரும். கொம்பியூட்டரும் இரும்புச் சாமான்தானே. நான் வேலை பார்த்த கந்தோர் அக்கரைப்பற்று–கல்முனை வீதிக்கும் வெளிச்சவீட்டுக்கும் நடுவில் இருந்தது. பணிப்பாளரின் அறைக்கு மட்டும்தான் ஏசி. மற்ற அறைகளில் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். கொண்டலும் வாடையும் உப்பைச் சுமந்துகொண்டு நேரே உள்ளே வரும். கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றினால், செம்பு இருக்கும் இடமெல்லாம் பச்சைப் பாசி மாதிரி ஒன்று படர்ந்திருக்கும்.

கந்தோரின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே வேலை செய்தவர்கள் இதை வாசித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்களிடம் ‘பெரிய கொம்பியூட்டர்’ என்று ஒன்று இருந்தது. உருவத்தில் மற்றவற்றைப் போலத்தான். சேர்வர் என்று சொல்லத்தக்க பொருளும் அல்ல. கடையில் வாங்கிய சாதாரண விண்டோஸ் 7 பெட்டி. ஆனால் கந்தோரின் வேலை எல்லாம் அதற்குள் இருந்தது. சம்பளப் பட்டியல், லீவுக் கணக்கு, வந்த கடிதம் போன கடிதம், விலைமனுக்கள், களஞ்சியப் பதிவு, கூட்டக் குறிப்புகள், யாரோ ஒருவரின் பிரியாவிடை வைபவத்துப் படங்கள் வரைக்கும். மற்ற எல்லாருடைய கொம்பியூட்டரிலும் ‘இஸட்’ என்று ஒரு டிரைவ் தெரியும். அதைத் திறந்தால் பெரிய கொம்பியூட்டருக்குள் போகலாம். இஸட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தங்கள் மேசைக்குக் கீழே உள்ள பெட்டியில் இருப்பதாகவே நினைத்தார்கள்.

2019இன் மாரி தொடங்கும்போது ஒரு நாள் பின்னேரம் இடி இடித்தது. அடுத்த நாள் இஸட்டைக் காணவில்லை. பவர் சப்ளை எரிந்து, தாய்ப்பலகையும் போய்விட்டிருந்தது. ஹாட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அதைக் கழற்றிச் சீஃப் கிளாக்கின் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

மூன்று விலைமனு எடுத்து, கணக்காளர் ஒப்பமிட்டு, புதிய கொம்பியூட்டர் வந்தது. விண்டோஸ் 10. மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14ஆம் திகதியோடு விண்டோஸ் 7ஐக் கைவிடப்போவதாகச் சொல்லியிருந்த நேரம் அது. ஆகவே இடி விழாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். பக்கத்து ஊரிலிருந்து கடைக்காரத் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கெட்டிக்காரன், கை வேகம். பழைய டிஸ்க்கைக் கேபிளால் பொருத்தி, உள்ளே இருந்ததையெல்லாம் புதிதில் கொட்டினார். லுஹருக்கு முன்னால் எல்லாருடைய கொம்பியூட்டரிலும் இஸட் திரும்ப வந்துவிட்டது. “எல்லாம் ஓகே சேர். ஒரு பிரச்சினையும் வராது” என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு பிரச்சினையும் வராமல் இருக்க அவர் செய்தது மூன்று வேலை. நெருப்புச்சுவர் என்கிற ஃபயர்வோலை முழுதாக நிறுத்தினார். கேள்வி கேட்கும் பாஸ்வேர்டை எடுத்துவிட்டார். இஸட் போல்டரின் அனுமதிப் பட்டியலில் ‘எவ்ரிவன்’, அதாவது எல்லாரும், என்ற பெயருக்கு நேரே முழு அனுமதிக்குச் சரி போட்டார். இந்த மூன்றையும் செய்தால் உலகத்தில் எந்தக் கந்தோரிலும் போல்டர் பகிர்ந்துவிடும். ஊரெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள். அந்தத் தம்பியைக் குறை சொல்லியும் பயனில்லை. எந்த போல்டரை யார் திறக்கலாம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் எங்களோடு இருந்தார். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருப்பதால், பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவது எங்கள் ஊர்க் கந்தோர்களில் வழமை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு வருசமே முழுப் பல்கலைக்கழகமானது அது. அந்த வளாகம் வந்த பிறகுதான் ஒலுவிலில் கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டானார்கள். அந்தப் பிள்ளை கடித மாதிரி ஒன்றைத் தேடி இஸட்டுக்குள் போனார். போன இடத்தில் ‘ஒழுக்காற்று’ என்ற போல்டர் திறந்தது. அதில் எங்களோடு ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கும் ஒருவரைப் பற்றிய விசாரணை அறிக்கை இருந்தது. பிள்ளை நல்ல பிள்ளை, வெளியே சொல்லவில்லை. முகம் வெளிறிப்போய் என்னிடம் வந்து, “சேர், இது எனக்குத் திறக்கக் கூடாதே?” என்றார்.

சீஃப் கிளாக் காக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பழைய பெட்டியில இது பூட்டித்தானே கிடந்தது?” என்று கேட்டார். பூட்டித்தான் கிடந்தது. பூட்டியவர் பல வருசத்துக்கு முன்பே இடமாற்றமாகிப் போனவர். எதை எதை, யார் யாருக்குப் பூட்டினார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கந்தோரில் அந்தப் பூட்டுகளைப் பற்றித் தெரிந்திருந்தது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான், அது எரிந்துவிட்டது.

“நீ கொம்பியூட்டர் படிச்ச ஆள்தானே, பார்” என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் படித்தது ஒரு டிப்ளோமா. அதில் இதெல்லாம் ஒரு பின்னேரத்துப் பாடமாக வந்து போயிருந்தது.

விண்டோஸில் ஒரு போல்டரைப் பகிர்ந்தால் அதற்கு இரண்டு காவல். வளவுக் கேற்றும் அறைக் கதவும் மாதிரி. நெட்வேர்க் வழியாக வருகிறவரைப் பகிர்வு அனுமதி கேற்றில் மறிக்கும். டிஸ்க்கில் அந்த போல்டரோடு ஒட்டியிருக்கும் அனுமதி அறை வாசலில் மறிக்கும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். கேற்றில் முழு அனுமதி கொடுத்து, அறையில் வாசிக்க மட்டும் விட்டால், வந்தவர் வாசித்துவிட்டுப் போகலாம், ஒரு எழுத்தைத் தொட முடியாது. வழக்கமாகச் செய்வது, கேற்றை ஓரளவு திறந்து வைத்துவிட்டு அறைகளில் கவனமாக இருப்பது. பழைய பெட்டியில் பூட்டுகள் அறை வாசல்களில்தான் இருந்தன. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொப்பி பண்ணும்போது அந்தப் பூட்டுகள் கூட வருவதில்லை. போய்ச் சேரும் இடத்துச் சட்டத்தைத்தான் பைல்கள் ஏற்றுக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்திலோ எல்லாருக்கும் முழு அனுமதி.

பழைய டிஸ்க்கைத் திரும்பக் கொழுவி, பூட்டுகள் எப்படி இருந்தன என்று பார்க்கலாம் என நினைத்தேன். பார்த்தால் பெயர்களே இல்லை. சொந்தக்காரர் என்ற இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கி முழ நீளத்துக்கு ஒரு இலக்கம். விண்டோஸ் ஆட்களைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, இலக்கத்தால்தான். எந்த இலக்கம் யார் என்ற பேரேடு பழைய விண்டோஸுக்குள் இருந்தது. டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினால் அந்த இலக்கங்களுக்குப் பெயர் சொல்ல ஆளில்லை. ஓய்வு பெற்றுப்போன ஒருவர், இடமாறிப்போன ஒருவர், மௌத்தாகிப்போன ஒருவர் எல்லாரும் அந்த இலக்கங்களாக அங்கே நின்றார்கள். யார் எவர் என்று பிரித்தறிய எனக்கு வழி தெரியவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும். சீஃப் கிளாக் காக்கா ஒரு நீளத் தாளில் கோடு போட்டார். இடப் பக்கம் போல்டரின் பெயர். பிறகு ‘வாசிக்கலாம்’, ‘மாற்றலாம்’, ‘பார்க்கவே கூடாது’ என மூன்று நிரல். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போன அந்த நாட்களில், அதுவரை பல வருசம் வேலை செய்தும் தெரியாத பல விசயங்களைத் தெரிந்துகொண்டேன்.

பணிப்பாளர் சேருக்கு எல்லாவற்றிலும் ‘மாற்றலாம்’ வேண்டும் என்றார். “நான்தானே ஹெட்?” நியாயம்தான். ஆனால் அவர் எந்தப் பைலையும் மாற்றுவதில்லை, பார்ப்பார் மட்டும்தான். பார்க்கும்போது மௌஸ் கையில் நழுவி, ‘2016’ என்ற போல்டரை அப்படியே இழுத்து இன்னொரு போல்டருக்குள் போட்டுவிட்ட சம்பவம் பழைய பெட்டிக் காலத்தில் நடந்தது. ஒரு வருசத்துக் கணக்கைக் காணாமல் கந்தோரே தேடியது. இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன். நம்முடைய பெட்டியில் ஒரு பைலை அழித்தால் குப்பைத் தொட்டிக்குள் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். நெட்வேர்க் வழியாகப் போய் அழித்தால் குப்பைத் தொட்டி கிடையாது; போனது போனதுதான். அதைக் கேட்டதும் “அப்ப எனக்கு வாசிக்க மட்டும் போதும்” என்று ஒப்பமிட்டார். கந்தோரில் அதிகாரம் கூடியவர் அனுமதி குறைந்தவராக ஆகச் சம்மதித்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

கணக்குப் பகுதி ராத்தா நேர்மாறு. சம்பள போல்டரைத் தன்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. “நீங்க லீவு போட்டா?” என்று கேட்டேன். “நான் எப்ப மனே லீவு போட்ட?” என்றார். உண்மைதான், அவர் லீவு போட்டதை நான் கண்டதில்லை. ஆனாலும் ஒருவர் பெயரில் மட்டும் ஒரு போல்டர் கிடக்கக் கூடாது என்பதில் சீஃப் கிளாக் காக்கா பிடிவாதமாக நின்றார். இருவர் பெயர் எழுதப்பட்டது. ராத்தா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஸ்டோர் கீப்பர், காரைதீவைச் சேர்ந்த அண்ணன், தன் களஞ்சியப் பதிவை எல்லாரும் பார்க்கட்டும் என்றார். “பார்த்தாத்தான் தம்பி, இல்லாத சாமானைக் கேட்டு ஆள் வராது.” விலைமனு போல்டர்தான் பெரிய சண்டை. கடைசித் திகதி வரை யாரும் பார்க்கக் கூடாது, அதற்குப் பிறகு குழு பார்க்க வேண்டும், பிறகு கணக்காய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். விண்டோஸுக்குத் திகதி பார்த்துக் கதவு திறக்கத் தெரியாது. ஆகவே திறக்கும் பொறுப்பு ஒரு ஆளுக்குப் போனது. அந்த ஆள் யார் என்பதில் ஒரு கூட்டமே நடந்தது. கூட்டக் குறிப்பும் இஸட்டில்தான் இருக்கிறது, எல்லாரும் வாசிக்கலாம் என்ற நிரலில்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. போல்டர் பகிர்வது கொம்பியூட்டர்காரனின் வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கொம்பியூட்டர்காரனுக்கு அதில் உள்ளது அரை மணி நேர வேலை. மிச்சம் முழுவதும் கந்தோரின் வேலை. யார் எதற்குப் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் பல வருசம் ஓட்டிவிடலாம். அந்தத் தாளில் சரி போடும்போது ஓட்ட முடியாது.

அடுத்தது பாஸ்வேர்ட். டொமைன் என்று சொல்லப்படும் மைய ஏற்பாடு எங்களிடம் இல்லை. சின்னக் கந்தோருக்கு அது கட்டுப்படியும் ஆகாது. வேர்க்குரூப் முறைதான். அதில் ஒவ்வொருவரும் தன் பெட்டியில் எந்தப் பெயரோடு, எந்தப் பாஸ்வேர்டோடு உள்நுழைகிறாரோ, அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் கொண்ட ஒரு கணக்கைப் பெரிய கொம்பியூட்டரிலும் உண்டாக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் கேட்காமலே கதவு திறக்கும். சிக்கல் என்னவென்றால் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டே இல்லை. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வேர்க் வழியாக உள்ளே எடுக்காது. எல்லாரும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவித்தேன். போன் இலக்கம், பிள்ளையின் பெயர், ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து. ஒருவர் தன் பாஸ்வேர்டை எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். கழற்றச் சொன்னேன். கழற்றி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டினார்.

புதிய பெட்டிக்குப் பழைய பெட்டியின் பெயரையே வைத்ததில் ஒரு நன்மை கிடைத்தது. எல்லாருடைய திரையிலும் இருந்த குறுக்குவழிகளும், ஒரு எக்ஸெல் இன்னொரு எக்ஸெல்லைத் தேடிப் போகும் இணைப்புகளும் அந்தப் பெயரைத்தான் நம்பியிருந்தன. பெயர் மாறியிருந்தால் ராத்தாவின் சம்பளப் பட்டியலில் கூட்டுத்தொகை வரும் இடமெல்லாம் பிழைச் செய்தி வந்திருக்கும். புதிய கொம்பியூட்டருக்குப் புதிய பெயர் வைக்க ஆசைப்படும் யாருக்கும் இதை நான் சொல்வதுண்டு.

இனி ராத்தாவின் கொம்பியூட்டர். அது தனிக் கதை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் உயிர்ப்பலி மிகக் கூடிய மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் அலை ஏறியது. ஆட்களோடு கடதாசிகளும் போயின: பிறப்புப் பத்திரம், காணி உறுதி, பாடசாலைச் சான்றிதழ், கந்தோர்களின் கோவைகள். பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்தன. கூடாரமும் வள்ளமும் தையல் மெசினும் கொடுத்தன, சிலது கொம்பியூட்டரும் கொடுத்தன. எங்கள் ராத்தாவின் மேசையில் இருந்தது அப்படி வந்த ஒன்று. நிறுவனத்தின் ஸ்டிக்கர் வெளுத்துப்போய் அதன் நெற்றியில் இன்னும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. அதன் பின்னால் தடித்த கேபிளில் ஒரு டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர். வவுச்சர் அடிக்கிறபோது அதன் சத்தம் வீதி வரை கேட்கும். அலையில் கடதாசி எல்லாம் போன பிறகு கணக்கு முதன்முதலாகக் கொம்பியூட்டரில் ஏறியது அந்தப் பெட்டியில்தான். ராத்தா அதை விடமாட்டார்.

பெட்டி மாறினதும் எக்ஸ்பியால் இஸட்டுக்குள் வர முடியவில்லை. காரணம் மொழி. விண்டோஸ் பெட்டிகள் பைல்களைப் பகிர்ந்துகொள்ளப் பேசும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், 1980களில் ஐ.பி.எம்.மில் பிறந்தது. எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். 2017இன் கடைசிக்குப் பிறகு வந்த விண்டோஸ் 10, அந்த முதல் பதிப்பைத் தானாக நிறுவிக்கொள்வதில்லை. ஆகவே கடைக்காரத் தம்பி அதையும் தேடிப்போய் இயக்கிவிட்டிருந்தார். ராத்தாவுக்கு வேலை நடந்தது. எனக்குத்தான் நெஞ்சு பதறியது.

மைக்ரோசொப்ட் அதை ஏன் எடுத்துவிட்டது என்பது நெட்வேர்க் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். 2017 மே 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வன்னாகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் கிளம்பியது. யாரும் எதையும் அமத்த வேண்டியதில்லை, எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் பெட்டியிலிருந்து பெட்டிக்குத் தானே பரவும். பைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, 300 டொலர் பெறுமதியான பிட்கொயின் கேட்கும். 150 நாடுகளுக்கு மேல் பரவியது. இங்கிலாந்தில் அரச வைத்தியசாலைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. ஆதரவு நிறுத்தி மூன்று வருசமான எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. ஒரு பழைய பெட்டி பேச வேண்டும் என்பதற்காகக் கந்தோரின் எல்லாப் பைலும் இருக்கும் பெட்டியில் அந்த வாசலைத் திறந்து வைக்க எனக்கு மனமில்லை. மூடினேன்.

ராத்தா கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவர் பதில் கேட்கவில்லை. “சுனாமிக்குப் புறவு இது ஒரு நாளும் பழுதாகல்ல. நேத்து வந்த பெட்டிக்கு இது பிடிக்கல்லயா?” கொஞ்ச நாள் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொண்டுவந்து பார்த்தோம். பென் டிரைவோ அப்போது வைரஸ் வண்டி. போல்டரெல்லாம் குறுக்குவழியாக மாறிப்போகும் வியாதி எங்கள் பக்கத்தில் சளி மாதிரி பரவியிருந்தது. ஒரே பைலுக்கு இரண்டு கொப்பி, எது புதியது என்று தெரியாத நிலை வேறு. கடைசியில் களஞ்சியத்தில் கிடந்த ஒரு விண்டோஸ் 7 பெட்டியைத் துடைத்து எடுத்து, அந்தத் தடித்த கேபிளை யூ.எஸ்.பி.க்கு மாற்றும் வயர் ஒன்று வாங்கி, டொட் மெட்ரிக்ஸை அதில் பேசவைத்தோம். ஆதரவு முடியப்போகும் விண்டோஸ்தான், ஆனால் எஸ்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பு அதற்குத் தெரியும். பிரின்டரின் சத்தம் மாறவில்லை என்பதால் ராத்தா சமாதானமானார். எக்ஸ்பி பெட்டி நெட்வேர்க் வயர் இல்லாமல் அதே மேசையின் ஓரத்தில் இருந்தது.

பைல்களைக் கொப்பி பண்ணியதிலும் கடைக்காரத் தம்பி விட்டுப்போன ஓட்டை ஒன்று தெரிய வந்தது. சில போல்டர்கள் முழுதாக வரவில்லை. விண்டோஸின் வழமையான கொப்பி, பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டினால் அந்தப் பைலைத் தொடாது. எங்கள் ஆட்கள் போல்டருக்குள் போல்டர், அதற்குள் இன்னொரு போல்டர் என்று வெட்டிக்கொண்டே போயிருந்தார்கள். ‘புதியது’, அதற்குள் ‘புதியது 2’, அதற்குள் ‘கடைசி’, அதற்குள் ‘இதுதான் கடைசி’. பெயர்களும் கடிதத்தின் பொருள்வரி மாதிரி நீளம். விண்டோஸோடு கூடவே வரும் ரோபோகொப்பி என்ற கட்டளை நீளப் பாதைகளுக்கு அஞ்சாது. இரவு முழுக்க ஓடவிட்டு, எது வந்தது எது வரவில்லை என்ற பட்டியலையும் எடுத்து வைத்தேன். விடுபட்டவற்றில் ஒன்று ஓய்வூதியக் கடிதங்கள். அதற்குரியவர் அடுத்த மாதமே தேடி வந்தார்.

வந்து சேர்ந்த பைல்களும் எல்லாம் வாசிக்கத் தக்கதாக இல்லை. பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கொட்டிக் கிடந்தன, இரண்டு எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி. “வைரஸ்!” என்று ஒரு குரல் எழுந்தது. இலங்கையில் தமிழ் டைப் செய்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். பாமினி. ஒருங்குறி வருவதற்கு முன் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையும் ஜனாஸா அறிவித்தலும் அரச கடிதமும் பாமினியில்தான் அடிக்கப்பட்டன. அந்த முறையில் பைலுக்குள் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் பூட்டிக் காட்டும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கும் இடத்தில் உள்ளே இருப்பது அரைப்புள்ளி. புதிய பெட்டிகளில் பாமினி எழுத்துரு இல்லை, ஆகவே முகம் கழன்றுவிட்டது. எழுத்துருவை எல்லாப் பெட்டியிலும் போட்டதும் கடிதங்கள் பேசத் தொடங்கின. ஆனால் தேடினால் கிடைக்காது. ‘ஒலுவில்’ என்று ஒருங்குறியில் தட்டித் தேடினால் பாமினியில் உள்ள ஆயிரம் ஒலுவிலும் அகப்படாது. முக்கியமானவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை அந்தப் பயிற்சிப் பிள்ளையிடம் கொடுத்தோம். அவர் போகும்வரை அது முடியவில்லை, இன்னும் முடிந்திருக்காது.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, லுஹர் தொழுது சாப்பிட்டு வந்தவர்கள் இஸட்டைக் காணவில்லை என்றார்கள். நாளும் இதே நேரம். புதிய பெட்டி அரை மணி நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும் என்று அமைப்பில் இருந்தது. அணைத்ததோடு அந்தக் கதை முடிந்தது.

பிறகு வந்த வருசங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. 2020 மார்ச்சில் ஊரடங்கு. வீட்டிலிருந்து யாருக்கும் இஸட்டைத் தொட முடியவில்லை. “கூகுளில் போட்டிருந்தா வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாமே” என்றார்கள். சரிதான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. யூ.பி.எஸ். பத்து நிமிசம் தாங்கும். அதற்குள் பைலை மூடாவிட்டால் எக்ஸெல் கோணிப்போகும். அப்போதும் “எல்லாத்தையும் மேகத்தில ஏத்தணும்” என்ற பேச்சு எழுந்தது. அடுத்த வருசம் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. 2023இல் இலங்கை அரச மேகக் கணிமை கப்ப வைரஸுக்கு இரையாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள். மூன்று மாதத்துக்கும் மேலான அந்தக் காலத்துக்கு வெளியே எடுத்து வைத்த பிரதி இல்லை என்று பிறகு சொன்னார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவில் அரச தரவு நிலையம் தீப்பிடித்தது. அங்கே அரச ஊழியர்கள் பகிர்ந்து பாவித்த டிரைவ் ஒன்றில் இருந்த 858 டெராபைட்டும் அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வேறிடத்துப் பிரதி எடுக்கவில்லையாம். கொரியாவின் இஸட் என்று சொல்லலாம்.

எங்கள் இஸட்டுக்கு இரண்டு வெளி டிஸ்க்குகளில் பிரதி இருந்தது. ஒன்று சீஃப் கிளாக்கின் அலுமாரியில். மற்றதை வாரம் ஒரு முறை மாற்றி, சம்மாந்துறையில் இருந்து வரும் ஒரு ஊழியர் தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். சம்மாந்துறை கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏன் அந்த ஊர் என்று எங்கள் பக்கத்து ஆள் யாரும் கேட்கவில்லை. அதற்கும் ஒரு கடிதம் போட்டு, பணிப்பாளரின் அனுமதி எடுத்து, டிஸ்க்கைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டித்தான் கொடுத்தோம். அந்தப் பாஸ்வேர்ட் ஒரு உறையில் போட்டு முத்திரை வைக்கப்பட்டது.

நான் இப்போது அந்தக் கந்தோரில் இல்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. அந்தப் பெட்டியையும் மாற்றப்போகிறார்களாம், விலைமனு கேட்டிருக்கிறார்கள். புதிதாக வருவது விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்பாக இருந்தால், பெயர் சொல்லாமல் விருந்தாளியாக வருகிறவரை அது முன்போல உள்ளே விடாது. கடைக்காரத் தம்பிமார் அதையும் அணைத்துவிட்டுப் போக வழி தெரிந்து வைத்திருப்பார்கள்.

உங்கள் கந்தோருக்கும் இந்த வருசம் புதிய பெட்டி வரக்கூடும். ஆளைக் கூப்பிடுமுன் சீஃப் கிளாக்கை ஒரு தாளில் கோடு போடச் சொல்லுங்கள். எந்த போல்டர், யார் வாசிக்கலாம், யார் மாற்றலாம், அவர் லீவென்றால் யார் என்று எழுதி எல்லாரிடமும் ஒப்பம் வாங்குங்கள். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். பெயர்கள் அதில்தான் இருக்கின்றன. ஒரு பிரதியைச் சம்மாந்துறைக்கோ, உங்கள் பக்கத்தில் அப்படித் தள்ளியிருக்கும் ஓர் ஊருக்கோ அனுப்பி வையுங்கள்.